ஒன்பது கிலோமீட்டர் தூரத்து வேண்டுதல்

அம்மாவின் தீச்சட்டி வேண்டுதல் இந்த ஆடியில் முடிந்தது. இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலான கடன். மறப்பதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். முன்னும் பின்னுமாக வந்தால் தாயே, நீதான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊர் மலேசியாவில் இருக்கும் சுங்கை சிப்புட். ஈப்போவுக்கு வடக்கே, செம்மோர் தாண்டி, கந்தான் சுண்ணாம்பு மலைகளைத் தாண்டிப் போனால் வந்துவிடும். சிப்புட் என்றால் மலாயில் நத்தை. பேர்தான் நத்தை, புகழ் அப்படி இல்லை. படிக்கப் போன இடத்திலும் கிள்ளானில் வேலைக்குச் சேர்ந்த இடத்திலும் ஊர்ப் பேரைச் சொன்னால் போதும், ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். வயசானவர்கள், "துரைங்களச் சுட்ட ஊரா?" என்பார்கள். 1948 ஜூன் 16 காலையில் எல்பில் தோட்டத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை, அரை மணி நேரத்துக்குள் இன்னொரு தோட்டத்தில் இரண்டு துரைகள். அதிலிருந்து பிறந்ததுதான் கம்யூனிஸ்டுக் கொரில்லாக்களை அடக்க வெள்ளைக்கார அரசு அறிவித்த அவசரகாலம். அது 1960 ஜூலை 31 வரை ஓடியது. அரசியல் பேசுகிறவர்களுக்கு இது மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன் ஊர். அவர் இங்கே பிறந்தது 1919இல், அதே ஜூன் 16இல். துப்பாக்கி வெடித்த அன்று அவருக்கு 29 வயது நிறைந்திருக்கிறது. அவர் கட்டிய மகாத்மா காந்தி கலாசாலையை 1954இல் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்துவைத்தார். என் வயசுக்காரர்களைக் கேட்டால் நேராக 2008 தேர்தலுக்குப் போய்விடுவார்கள். சாமிவேலுவின் 34 வருஷம் அசையாத எம்.பி. நாற்காலி அசைந்த ஊர் அல்லவா!

சரி, இதெல்லாம் வெளியார் அறிந்த சுங்கை சிப்புட். எங்கள் வீட்டில் ஊர் என்றால் டவுனே கிடையாது. டவுனிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் உள்ளே, எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைக்கு நடுவே தகரக் கூரைக்கு அடியில் இருக்கும் எங்கள் தோட்டத்து மாரியம்மாதான் ஊர். தோட்டத்தின் பேரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. கோவில் நிலத்தைப் பற்றி நிர்வாகத்தோடு நடக்கும் பேச்சு இன்னும் முடியவில்லை. என்னால் அவளுக்கு ஒரு தொந்தரவு வேண்டாம்.

பாட்டி சொன்ன கதை ஒன்று உண்டு. அவசரகாலத்தில் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்களாம். காட்டுக்காரர்களுக்கு, அதாவது காட்டில் இருந்த கொரில்லாக்களுக்கு, அரிசி போய்விடக் கூடாது என்று ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகிறவர்களைக் கேட்டிலேயே நிறுத்திச் சோதிப்பார்களாம். வேலிக்கு அளந்தவர்கள் கோவிலைக் கணக்கில் எடுக்கவில்லை. ஜனம் உள்ளே, அம்மன் வெளியே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊரடங்கு தொடங்குவதற்குள் விளக்கேற்றிவிட்டு வர வேண்டும். பாட்டி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடுவாராம். கேட்டில் நின்ற மலாய்க்காரப் போலீஸ் ஒருவர், பாட்டி திரும்பி வரும்வரை ஒரு கதவைக் காலால் தடுத்துவைத்துக்கொண்டு நிற்பாராம். அந்த மனிதர் எங்கிருந்தாலும், அவர் பிள்ளைகுட்டிகள் நன்றாக இருக்கட்டும்.

அம்மா பால்வெட்டுக்காரர். விடியும் முன்னே பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய், மத்தியானம் காண்டாக் கம்பில் பால் வாளி தூக்கி வந்து, தோளில் காய்ப்புக் காய்த்தவர். நாடு சுதந்திரம் அடைந்தபின் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்க ஆரம்பித்தபோது, துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பணம் சேர்த்து 1960இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினாரே, அதில் எங்கள் தாத்தாவும் பங்கு வாங்கியவர். அந்தச் சங்கம் வாங்கிய தோட்டங்களில் எங்களுடையது இல்லை. எங்களுடையது கம்பெனியிடமே இருந்தது, அப்புறம் இன்னொரு கம்பெனியிடம் போனது. தொண்ணூறுகளில் கித்தா என்கிற ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள். வேலை குறைந்தது. லயத்தைக் காலி பண்ணச் சொல்லிக் கடிதம் வந்தது.

அன்று ராத்திரி அம்மா கோவில் வாசலில் உட்கார்ந்து கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "எம்புள்ளைங்க தலைக்கு மேல ஒரு கூரை குடு தாயே, ஒன் வாசல்ல தீச்சட்டி ஏந்துறேன்."

கொடுத்துவிட்டாள். நாலைந்து வருஷம் வாடகை வீட்டில் அல்லாடி, டவுனில் மலிவுவிலை வீடு ஒன்று கிடைத்தது. இரண்டு அறை, முன்னால் கிரில் கதவு, ஒரு முருங்கை மரம் வைக்க இடம். ஆனால் அம்மா வேண்டுதலைக் கட்டவில்லை. தைப்பூசத்துக்கு வருஷம் தவறாமல் ஈப்போ கல்லுமலை போவார், பத்துமலை போவார், பங்குனி உத்திரத்துக்கு மாரான் மரத்தாண்டவரைப் பார்க்க ராத்திரி பஸ்ஸில் போவார். தமிழ்நாட்டுக்குப் போனபோது சமயபுரத்தில் முடி இறக்கிவிட்டே வந்தார். ஒன்பது கிலோமீட்டரில் இருக்கிறவளிடம் மட்டும் போகவில்லை. கேட்டால், முட்டி வலி, மழை, பிள்ளைக்குப் பரீட்சை, இப்படி ஏதாவது.

போன வருஷம்தான் வாய் திறந்தார். கிள்ளானில் என் வீட்டுச் சமையலறையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவர் திடீரென்று சொன்னார்: "லயத்த ஒடச்சப்ப கோயிலுக்கு வந்த லைட்டு கம்பியையும் அறுத்துட்டாங்க பாப்பா. நமக்கு ஃபேனு, லைட்டு, பைப்புத் தண்ணி. அவ இருட்டுல. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் போயி, வீடு குடுத்தியே நன்றின்னு சொல்றது? வேலி போட்டப்பவும் அவள வெளிய விட்டோம். வீடு வந்தப்பவும் அவள வெளிய விட்டோம்."

எனக்குப் பேச்சு வரவில்லை. ஆடிக்கு நானே சட்டி எடுக்கிறேன் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு இப்போது எழுபத்து நாலு. சட்டி ஏந்தி நடக்கிற முட்டி இல்லை அது.

காப்புக் கட்டி, ஒரு வாரம் விரதம் இருந்து, திருவிழாவுக்கு முதல்நாள் டவுன் வீட்டுக்கு வந்துவிட்டேன். ராத்திரி முழுக்கக் கொட்டித் தீர்த்தது மழை. காலையில் தார்ச்சடக்கு முடிந்து செம்மண் சடக்கில் இறங்கிய அரைக் கிலோமீட்டரிலேயே காரின் சக்கரம் புதைந்துவிட்டது. மிதிக்க மிதிக்க இன்னும் கீழே போனது. எதிரே யாரும் இல்லை, போனில் சிக்னல் இல்லை. பின்சீட்டில் அம்மா, மடியில் வேப்பிலைக் கட்டு. "பாத்தியா, கோவிச்சுக்கிட்டா. வராதேங்கறா" என்று அழ ஆரம்பித்துவிட்டார். நான் சேறு முழங்கால்வரை ஏற, வேப்பிலைக் கொத்தைச் சக்கரத்துக்கு அடியில் போடலாமா, போட்டால் பாவமா என்று முழித்துக்கொண்டு நிற்கிறேன்.

செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டர் சத்தம் கேட்டது. ஓட்டி வந்தவர் பங்களாதேஷ்காரர், இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். எங்கள் மஞ்சள் சேலையைப் பார்த்ததுமே, "குயில்?" என்றார். மலாயில் கோவிலுக்கு அதுதான் பேர். கயிறு கட்டி இழுத்தார். இழுத்ததோடு விடாமல் கோவில் பக்கத்து மேடுவரை டிராக்டருக்குப் பின்னாலேயே எங்களைக் கூட்டிப்போனார். பத்து வெள்ளியை, அதாவது பத்து ரிங்கிட்டை, நீட்டினேன், வாங்கவில்லை. ஒரு காலத்தில் நாங்கள் இருந்த அந்தத் தோட்டத்தில் இப்போது இருக்கிறவர்கள் அவர்கள்தான்.

நீட்டிய அந்தப் பத்து வெள்ளியை வாங்க வேறு ஆள் தயாராக இருந்தது என்பது வேறு கதை. செம்பனை நிரைக்கு நடுவே கயிறு கட்டி, கார் நிறுத்தப் பத்து வெள்ளி! யார் வசூல், எதற்கு வசூல், ரசீது உண்டா, ஒன்றும் தெரியாது. கேட்டால், "கோயிலுக்குத்தான்க்கா" என்கிறான் கறுப்புக் கண்ணாடி போட்ட பையன். கோவில்காரர்களைக் கேட்டால் அப்படி ஒரு வசூலே தங்களுக்குத் தெரியாது என்கிறார்கள். வாசலில் கடை போட்டவர் எலுமிச்சை மாலைக்குச் சொன்ன விலையில் ஒரு எலுமிச்சை மரமே வாங்கி நடலாம். பழைய தோட்டத்து ஜனம் ஷா ஆலமிலிருந்தும் ஜோகூரிலிருந்தும் வந்து குவிந்ததில் நிற்க இடமில்லை. அது சந்தோஷம்தான். ஆனால் தீச்சட்டி வரும் பாதையில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடக்கிறார்களே, ஒரு நாள் யாராவது சட்டிமேல் விழப் போகிறார்கள். உறுமிமேளப் பிள்ளைகள் அருமையாக அடித்தார்கள். நடுவில் ஒரு சினிமா மெட்டுக்குத் தாவியபோது ஒரு பெரியவர் கோலைத் தட்டினார், உடனே திரும்பி வந்துவிட்டார்கள்.

ஆற்றங்கரையில் கரகம் ஜோடித்துப் பாலித்து முன்னே போக, நாங்கள் பின்னால். சட்டியின் சூடு முதலில் கையில் தெரியவில்லை, முகத்தில்தான் தெரிந்தது. லயம் இருந்த இடத்தைக் கடந்தோம். எங்கள் வாசற்படியாக இருந்த சிமெண்டுத் துண்டு ஒன்று மட்டும் புல்லுக்குள் கிடக்கிறது. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகை இல்லை, பெரட்டுக்களம் இல்லை. அதற்கப்புறம் எனக்கு வழி நினைவில்லை. வேப்பிலை வாசமும் உறுமியும்தான்.

திரை விலகியது.

மஞ்சள் பாவாடை, எலுமிச்சை மாலை. முகம் என்று செதுக்கினது எதுவும் கிடையாது அவளுக்கு. கல்லில் பதித்த இரண்டு வெள்ளிக் கண்மலர், அவ்வளவுதான். சின்ன வயசில் அந்தக் கண்ணுக்குப் பயந்து அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்திருக்கிறேன். ஜெனரேட்டர் போட்டிருந்தார்கள். அது சரியாக அந்த நேரம் பார்த்து நின்றுபோனது. "ஐயோ" என்று ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. கருவறையில் இப்போது ஒரே ஒரு நல்லெண்ணெய் விளக்கு, அப்புறம் எங்கள் சட்டிகளின் வெளிச்சம். ஏழெட்டுச் சட்டி இருக்கும். அந்த வெளிச்சம் போய் அவள் கண்ணில் ஆடியது. பகலெல்லாம் டிராக்டர் போகிற, ராத்திரியெல்லாம் பன்றி உலாவுகிற இந்த நிரைக்கு நடுவே, இத்தனை வருஷம் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாளா என்று நினைத்த மாத்திரத்தில் உடம்பு நடுங்கிவிட்டது. கேட்க வந்தது, சொல்ல வந்தது எல்லாம் போய், "இருக்கியா தாயே, இருக்கியா தாயே" என்று அதையே சொல்லிக்கொண்டு நின்றேன்.

யாரோ என் கையிலிருந்து சட்டியை வாங்கினார்கள். திரும்பிப் பார்த்தால், நாற்காலியில் உட்காரவைத்த அம்மா எழுந்து வந்துகொண்டிருக்கிறார். யார் தோளையும் பிடிக்கவில்லை. சன்னிதிக்கு முன்னால் வந்து முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உண்டியலுக்குக் காசு எடுக்கிறார் என்று நினைத்தேன். வீட்டுச் சாவி!

"இத அவ காலடியில வைங்க தம்பி."

பூசாரி நாலாவது லயத்துப் பையன், அம்மா மடியில் வளர்ந்தவர். "என்ன பெரியம்மா, புது வீடா?" என்றார்.

"பழைய வீடுதான். அவ குடுத்தது. இன்னும் அவகிட்ட காட்டல."

அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. சாவியை வாங்கிக் காலடியில் வைத்து, மஞ்சள் நீர் தெளித்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, கற்பூரம் காட்டினார். அம்மா கும்பிடக்கூட இல்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு, அடுத்த வீட்டு அக்காவிடம் பேசுகிற மாதிரி என்னமோ பேசினார். ரொம்ப நேரம் பேசினார். பின்னால் வரிசை நெருக்கியது, யாரோ "சீக்கிரம்மா" என்று சத்தம் போட்டார். அவர் அசையவில்லை. என்ன பேசினார் என்று இதுவரை நான் கேட்கவில்லை. ஜெனரேட்டர் திரும்ப உயிர்பெற்றபோது அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு எலுமிச்சம்பழத்தோடு சாவி திரும்பி வந்தது.

தாயே, மழையை அனுப்பியவளும் நீ, டிராக்டரை அனுப்பியவளும் நீ. ஒரு பிள்ளைக்கும் சட்டியில் கை சுடவில்லை. அன்னதானம் கடைசிப் பந்திவரைக்கும் குறையவில்லை. அந்தப் பங்களாதேஷ் தம்பி கூட்டாளிகள் ஐந்தாறு பேரோடு வந்து கடைசிப் பந்தியில் உட்கார்ந்திருந்தார். அம்மா தானே போய் அவர் இலையில் பாயசம் ஊற்றினார், வேண்டாம் வேண்டாம் என்று கை காட்டக் காட்ட. கோவிலுக்கு சோலார் விளக்கு போட ஒரு பேச்சு ஓடுகிறது. எங்கள் பங்கை அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

வீடு வந்து சேர ராத்திரி பதினொன்று. சாவியைப் பூட்டில் போட்டால் திரும்பவில்லை. பல்லு பல்லாகச் சந்தனம் காய்ந்து இறுகியிருக்கிறது. ஊசி போட்டுக் குத்தினேன், ஊதினேன், ம்ஹூம். ஒரு நாள் முழுக்கப் பட்டினி, சேறு, புகை எல்லாம் சேர்ந்து எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. அம்மா பிரசாதப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இரு பாப்பா, என்ன அவசரம்? அவ எத்தன வருசம் வெளிய நின்னா."

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் சமையல் எண்ணெய் போத்தலோடு வந்தார். நாலு சொட்டு விட்டதும் திறந்துகொண்டது. எண்ணெயும் குங்குமமுமாக இருந்த சாவியைத் துடைக்கத் துணி எடுத்தேன். அம்மா அதை என் கையிலிருந்து வாங்கி, அப்படியே முந்தானையில் முடிந்துகொண்டார்.