டோஸ் சரிதானா என்று யாரிடம் கேட்பது?

நர்ஸ்களுக்கு மனத்துணிவு வேண்டும் என்று யாராவது மேடையில் பேச ஆரம்பித்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். துணிவு என்னவோ பிறவியிலேயே சிலருக்கு வாய்ப்பது போலவும், வாய்க்காதவர்கள் கோழைகள் போலவும் பேசுவார்கள்.

1966-ல் ஹோஃப்லிங் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். முன்பின் தெரியாத ஒருவர் வார்டுக்குப் போன் செய்து, டாக்டர் பேசுகிறேன், இன்ன நோயாளிக்கு இந்த மருந்தை 20 மில்லிகிராம் கொடுங்கள், வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்கிறார். ஒரு நாளைக்கு 10-க்கு மேல் கூடாது என்று டப்பா மேலேயே அச்சடித்திருக்கிறது, போனில் வரும் ஆர்டருக்கு மருந்து கொடுக்கவும் கூடாது. 22 நர்ஸ்களில் 21 பேர் கொடுக்கக் கிளம்பிவிட்டார்கள். (உள்ளே இருந்தது வெறும் குளுக்கோஸ், நல்லவேளை.) இதே சூழ்நிலையைச் சொல்லி வேறு 12 நர்ஸ்களிடம் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, 10 பேர் கொடுக்க மாட்டோம் என்றார்கள்.

இதோடு கதையை நிறுத்துபவர்கள்தான் அதிகம். 1977-ல் வேறு இருவர் இதையே கொஞ்சம் மாற்றிச் செய்தார்கள். மருந்து நர்ஸ்கள் எல்லோருக்கும் தெரிந்த வேலியம் (பதற்றத்தைத் தணிக்கக் கொடுப்பது), பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக்கொள்ளவும் வழி இருந்தது. 18 பேரில் 16 பேர் கொடுக்க மறுத்தார்கள். இவர்கள் மட்டும் என்ன, வீராங்கனைகளா?

டாக்டரிடம் மறுத்துப் பேசுவதைவிடச் சக நர்ஸிடம் பேசுவதுதான் எனக்குக் கஷ்டமாகப் படுகிறது. விடியற்காலை சார்ட்டைப் பார்த்தால் சில சமயம் வார்டில் உள்ள அத்தனை பேருக்கும் மூச்சு எண்ணிக்கை 20 என்றே இருக்கும், வரிசையாக, ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியது போல. நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் நின்று எண்ண வேண்டும், ஆனால் ஒரு ஆள் அத்தனை கட்டில்களையும் பார்க்கும்போது முதலில் கைவிடப்படுவது அந்த ஒரு நிமிடம்தான், நோயாளியின் நிலை மோசமாகும்போது பெரும்பாலும் முதலில் மாறுவதும் அந்த எண்தான். அப்போது புதிதாகச் சேர்ந்த பெண் சீனியரிடம் "நீங்க எண்ணவே இல்லையே" என்று கேட்க முடியுமா? "சிஸ்டர், மூணாவது பெட்டுக்கு நான் இன்னொரு தடவை எண்ணிட்டு வரட்டுமா?" என்று கேட்கலாம். ஆனால் அதற்கு இன்சார்ஜ் சிஸ்டர் "சரி, போய்ப் பார்" என்று சொல்கிறவராக இருக்க வேண்டும். முறைத்தால் அந்தப் பெண் அடுத்த தடவை வாயே திறக்க மாட்டாள். அவளைப் போய்க் குறை சொல்லி என்ன பயன்?

வெளியே சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு டெக்சாஸின் விங்க்ளர் கவுண்டி இருக்கிறது. ஒரு டாக்டரின் சிகிச்சை முறை பற்றி மருத்துவ வாரியத்துக்குப் பெயர் போடாமல் கடிதம் எழுதிய இரண்டு நர்ஸ்களுக்கு 2009-ல் வேலை போனதோடு கிரிமினல் வழக்கும் வந்தது. ஒருவர் மீதிருந்த வழக்கு விசாரணைக்கு முன்பே கைவிடப்பட்டது, மற்றவரை 2010-ல் ஜூரி ஒரு மணி நேரத்துக்குள் விடுவித்தது. அந்த டாக்டர் பிற்பாடு குற்றத்தை ஒப்புக்கொண்டார், சரி, ஆனால் அதுவரை அந்த இரண்டு பேருக்கும் தூக்கம் வந்திருக்குமா?

அப்புறம், தவறுகளைப் பதிவு செய்ய ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள். நான் பார்த்த ஒன்றில் 'தவறு செய்தவர் பெயர்' முதல் கட்டம், 'என்ன நடந்தது' கடைசிக் கட்டம். அதை யார் நிரப்புவார்கள்?