அஞ்செட்டிப் பாதையும் ஆடும் ஸ்டீயரிங்கும்

ஓசூரில் இருந்து ஒகேனக்கல் போக இரண்டு வழி. கிருஷ்ணகிரி, தருமபுரி, பென்னாகரம் சுற்றிப் போனால் நல்ல ரோடு. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாகப் போனால் காடு, வளைவு, யானை. பழைய ஜீப்போ ஜிப்சியோ வைத்திருப்பவர்கள் இரண்டாவது வழியைத்தான் கேட்பார்கள். சிலர் ஐயூர் பக்கம் திரும்பிப் பெட்டமுகிலாளமும் ஏறிவிட்டு வருவார்கள்.

இந்தக் காட்டின் பெரும்பகுதி 2014-ல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் ஆனது. அனுமதி இல்லாமல் ரோட்டை விட்டு வண்டியை இறக்கக்கூடாது. யானை கடக்கும் இடத்தில் வண்டிக்கு அடியில் படுத்து ஸ்பேனர் பிடிக்கவும் முடியாது. அதனால் ஸ்டீயரிங் சோதனையைத் தேன்கனிக்கோட்டையிலேயே முடித்துவிடுங்கள். ஒரு ஆள் துணை, ஒரு ஜாக்கி, கால் மணி நேரம் போதும்.

முதலில் சமதளத்தில் சக்கரம் நேராக இருக்கும்படி நிறுத்தி, ஸ்டீயரிங்கை இரண்டு விரலால் மெல்ல அசையுங்கள். பவர் ஸ்டீயரிங் என்றால் எஞ்சின் ஓடட்டும். டயர் அசையத் தொடங்கும் முன் ஸ்டீயரிங் வளையம் எவ்வளவு நகர்கிறது என்பதுதான் பிளே. பாக்ஸ் (வளையத்தின் திருப்பலைச் சக்கரத்துக்குக் கடத்தும் கியர் பெட்டி) உள்ள பழைய ஸ்டீயரிங்கில் 30 மி.மீ. வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் எங்கோ தேய்ந்திருக்கிறது.

எங்கே என்று கண்டுபிடிக்கச் சக்கரத்துக்குக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, துணை ஆளை ஸ்டீயரிங்கை இடமும் வலமும் ஆட்டச் சொல்லுங்கள். டயரின் மேல் வண்டியின் பாரம் இருக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கிவிட்டால் இந்த ஆட்டம் ஒளிந்துகொள்ளும். கீழே ஒவ்வொரு மூட்டின் மேலும் விரலைக் குறுக்காக வையுங்கள். டிராக் லிங்க்கின் (பாக்ஸில் இருந்து சக்கரத்தின் பக்கம் போகும் கம்பி) இரு முனை, டை ராடின் (இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கும் கம்பி) இரு முனை, கடைசியாக ஸ்டீயரிங் பாக்ஸைச் சேஸிஸோடு பிடிக்கும் போல்ட்டுகள். கண்ணுக்குத் தெரியாத அரை மில்லி நகர்வும் விரலுக்குத் தட்டும். ரப்பர் உறை கிழிந்த மூட்டு எது என்றால் பெரும்பாலும் ஆடுவதும் அதுவாகவே இருக்கும். கிழிசல் வழியே போன செம்மண் கிரீஸோடு சேர்ந்து அரைக்கும் பசை ஆகிவிடுகிறது.

அடுத்து முன் சக்கரத்தைத் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். டக் டக் என்றால் வீல் பேரிங்காக இருக்கலாம், கிங் பின்னாகவும் (சக்கரம் இடமும் வலமும் திரும்பும் அச்சு) இருக்கலாம். துணை ஆளை பிரேக்கை அழுத்தச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின். கிங் பின்னில் ஷிம் என்ற மெல்லிய தகட்டை எடுத்துச் சரிசெய்வது பட்டறை வேலை, வழியில் முடியாது. அன்றைக்குப் பென்னாகரம் வழியாகவே போவது நல்லது.

பலர் செய்யும் தப்பு ஒன்று இங்கே. பிளே இருக்கிறது என்றதும் ஸ்டீயரிங் பாக்ஸின் மேலே இருக்கும் அட்ஜஸ்ட் ஸ்க்ரூவைத்தான் முதலில் திருகுவார்கள். பாக்ஸ் நேர்நிலையில் இறுக்கமாகவும் திருப்பத்தில் கொஞ்சம் தளர்வாகவும் இருக்கும்படி செய்யப்பட்டது. டை ராடு முனையில் இருக்கும் தேய்மானத்துக்கு பாக்ஸை இறுக்கினால் ஸ்டீயரிங் திருப்பத்தில் இருந்து தானாகத் திரும்பி வராது. கொண்டைஊசி வளைவில் இது என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. மூட்டெல்லாம் சரி என்று உறுதியான பிறகுதான் பாக்ஸ். அதுவும் சக்கரம் நேராக இருக்கும்போது, லாக் நட்டைத் தளர்த்தி, ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கும் குறைவாக.

உயரம் கூட்டிய வண்டிகளுக்கு வேறு தொல்லை. காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறைந்து, நேர் ரோட்டிலேயே வண்டி அலையும். லீஃப் ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்பு வைத்தால்தான் கோணம் மீளும். புது டேம்பர் (ஸ்டீயரிங் உதறலை அடக்கும் ஷாக் அப்சார்பர்) மாட்டினால் போதும் என்பார் கடைக்காரர். டேம்பர் நடுக்கத்தை மறைக்கும், காரணத்தைத் தீர்க்காது. பள்ளத்தில் விழுந்தவுடன் ஸ்டீயரிங் கையைப் பிய்க்கிற மாதிரி உதறினால், திடீர் பிரேக் வேண்டாம். ஆக்ஸிலேட்டரை விட்டு மெல்ல வேகம் குறையுங்கள். கட்டைவிரல் எப்போதும் வளையத்துக்கு வெளியே இருக்கட்டும். பாறையில் டயர் இடித்தால் ஸ்டீயரிங்கின் ஆரக்கால் விரலை ஒடித்துவிடும். உதறல் நின்றதும் முதலில் ரிம்மின் உள்பக்கம் சேறு ஒட்டியிருக்கிறதா பாருங்கள். ஓடை கடந்த பிறகு பாதி நேரம் அதுதான்.

கல்லில் அடிபட்டு டை ராடு வளைந்தால் அதன் நீளம் குறைகிறது. ராடு ஆக்ஸிலுக்குப் பின்னால் இருந்தால் சக்கரங்கள் முன்பக்கம் விரியும், முன்னால் இருந்தால் குவியும். கழற்ற, நட்டு கழலாமல் பிடிக்கும் ஸ்ப்ளிட் பின்னை உருவி, நட்டைச் சில மரை மிச்சம் வைத்துத் தளர்த்துங்கள். ராடு முனை மாட்டியிருக்கும் ஸ்டீயரிங் ஆர்மின் கண்ணை (ஓட்டை உள்ள முனை) ஒரு பக்கம் கனமான சுத்தியால் தாங்கி, மறுபக்கம் இன்னொரு சுத்தியால் ஓங்கி ஒரு அடி. மூட்டு டப்பென்று விடும். போல்ட்டைக் கீழிருந்து அடித்தால் மரை நசுங்கி வேலை இரட்டிப்பாகும். ராடை இரண்டு கல் மேல் கூன் மேலாக வைத்து, கூன் மேல் பாட்டில் ஜாக்கியை நிறுத்தி, வண்டியின் சேஸிஸை முட்டுக்கொடுத்து அழுத்தினால் நிமிரும். தீயில் காய்ச்ச வேண்டாம், இரும்பு இளகிவிடும். மாட்டும்போது ஸ்ப்ளிட் பின் ஓட்டை சேராவிட்டால் நட்டைக் கொஞ்சம் இறுக்கித்தான் சேர்க்க வேண்டும், தளர்த்தக்கூடாது.

பிறகு முன் டயர் இரண்டின் நடுவிலும் சாக்பீஸ் கோடு போட்டு, ஆக்ஸில் உயரத்தில் பின்பக்க இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். வண்டியை டயர் அரைச்சுற்று உருளும்படி தள்ளினால் அதே கோடுகள் முன்பக்கம் வரும். முன் அளவு பின் அளவைவிடச் சில மில்லி குறைவாக இருந்தால், 20 கி.மீ. வேகத்தில் பென்னாகரம் வரை உருட்டிவிடலாம். நிமிர்த்திய ராடை நம்பி ஊர் திரும்ப வேண்டாம். தருமபுரியில் புது ராடு போட்டு அலைன்மெண்ட் பார்த்துவிட்டுத்தான் நெடுஞ்சாலையில் ஏற வேண்டும்.