மார்க்கிங் கேஜை நாமே செய்துகொள்ளலாம்

மரவேலை பழகுகிறவர்கள் முதலில் செய்து பார்க்க வேண்டியது ஸ்டூலும் இல்லை, அலமாரியும் இல்லை. ஒரு மார்க்கிங் கேஜ், அதாவது மரத்தின் விளிம்புக்கு இணையாகக் கோடு கீறும் கருவி. ஒரு தண்டு, அதில் நகரும் ஒரு கட்டை, இறுக்க ஒரு ஆப்பு, நுனியில் ஒரு ஆணி. அவ்வளவுதான் சமாச்சாரம்.

கஷ்டமான இடம் கட்டையில் போடும் சதுரத் துளைதான். துளையை முதலில் உளியால் செதுக்கி முடித்துவிட்டு, அப்புறம் தண்டை இழைப்புளியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி அதற்குள் பொருத்துங்கள். தண்டின் வெளிப்பக்கத்தைச் சீவுவது சுலபம். துளையின் உட்பக்கத்தைத் திருத்துவது தலைவலி. ஆணியின் நுனியை அரத்தால் ராவிக் கத்தி முனை போல ஆக்கிவிட்டால், இழைக்குக் குறுக்கே இழுத்தாலும் மரத்தைக் கிழிக்காமல் வெட்டும்.

மரத்தில் கோடு கீறும் மார்க்கிங் கத்திக்கு உடைந்த ஹேக்சா பிளேடு போதும். ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தீட்டுங்கள். தட்டையான பக்கம், செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தை ஒட்டிப் போக வேண்டும். கிரைண்டரில் தீட்டினால் அடிக்கடி தண்ணீரில் முக்குங்கள். விளிம்பு நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் கடினம் போய்விடும்.

மூலைமட்டமும் செய்யலாம். சோதிக்க, நேரான விளிம்புள்ள பலகையில் ஒரு கோடு போட்டு, மட்டத்தைத் திருப்பி வைத்து அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் விலகினால், தெரியும் இடைவெளி உண்மையான பிழையைப் போல இரு மடங்கு. கடையில் வாங்கிய மட்டத்தையும் ஒரு தடவை இப்படிச் சோதித்துவிடுங்கள், சில சமயம் வேடிக்கையாக இருக்கும்!