ஷிப்ட் தொடங்கும் முன் ஓர் உரை

காலை ஷிப்டுக்கு வரும் நர்ஸ்களுக்குக் கால் மணி நேரம் கையில் மிஞ்சும். பஸ்ஸை நம்பி வருகிறவர்கள் என்பதால் எல்லோரும் கொஞ்சம் முன்னதாகவே கிளம்பி வந்துவிடுவார்கள். யூனிபார்ம் மாற்றி, தலைமுடியைக் கொண்டையிட்டு, டூட்டி ரூமில் உட்கார்ந்தால், முந்தைய ஷிப்ட் நோயாளிகளின் நிலையைச் சொல்லி எங்களிடம் ஒப்படைக்கும் ஹேண்ட் ஓவர் தொடங்கும் வரை வேறு வேலை இல்லை. வீட்டு வேலை முடிந்துவிட்டது, வார்டு வேலை இன்னும் கைக்கு வரவில்லை. அந்த இடைவெளியை முன்பெல்லாம் போன் எடுத்துக்கொண்டது. ஆளுக்கொரு மூலையில் ரீல்ஸ் ஓடும்.

நான் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வார்டு இன்சார்ஜாக இருக்கிறேன். அந்தக் கால் மணி நேரத்தில் ஒரு நல்ல உரையை எல்லோரும் சேர்ந்து பார்ப்பது எங்கள் வார்டில் சில வருடங்களாக வழக்கமாக இருக்கிறது. டெட் மேடை உரைகள்தான் பெரும்பாலும். அங்கே பேசுகிறவருக்கு 18 நிமிடத்துக்கு மேல் கொடுப்பதில்லை. மூன்று நான்கு நிமிடத்தில் முடிகிற உரைகளும் நிறைய. 1984-ல் அமெரிக்காவில் ஒரு மாநாடாகத் தொடங்கியது, 2006-லிருந்து யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கும்படி இணையத்தில் வருகிறது. சில உரைகளுக்குத் தன்னார்வலர்கள் மொழிபெயர்த்த தமிழ் வரிகளும் திரையின் அடியில் ஓடும். இங்கிலீஷ் உச்சரிப்பு பிடிபடாதவர்களுக்கு அது பெரிய உதவி.

தினமும் ஒரு சின்ன உரை கேட்பது நமக்குப் புதிதில்லை. என் வயதுக்காரர்கள் வானொலியில் தென்கச்சி கோ. சுவாமிநாதன் பேசிய 'இன்று ஒரு தகவல்' கேட்டு வளர்ந்தவர்கள். காலையில் சில நிமிடங்கள். ஒரு கதை, அதிலிருந்து ஒரு கருத்து, முடிக்கும்போது சிரிக்க ஒன்று. அவ்வளவுதான், அடுத்தது நாளைக்கு. அதைக் கேட்பதற்காக யாரும் சபதம் எடுத்ததாக எனக்கு நினைவில்லை. நேரமும் குரலும் மாறாமல் இருந்ததால் கேட்கும் பழக்கம் தானாக வந்தது. அதைவிட முக்கியம், அது முடிந்தது. பள்ளிக்கூடத்துக்கு நடக்கும் வழியெல்லாம் அந்த ஒரு கதை மட்டும் மனதில் கிடந்தது.

இன்றைய போனில் எதுவும் முடிவதில்லை. ஓர் உரை முடியும்முன்பே அடுத்ததன் படம் வந்து நிற்கிறது. வரிசையாக நான்கைந்து கேட்டவரிடம் சாயங்காலம் போய் என்ன கேட்டீர்கள் என்றால் ஒன்றும் சொல்ல வராது. எல்லாமே நன்றாக இருந்தது என்பார்கள். உற்சாகம் அந்த நேரத்துக்கு ஏறும், அப்புறம் இறங்கிவிடும். அதனால் எங்கள் வார்டில் முதல் விதி, ஒரு நாளைக்கு ஒன்றுதான். தானாக அடுத்தது ஓடும் வசதியை அணைத்து வைத்திருக்கிறோம். உரை முடிந்ததும் ஹேண்ட் ஓவர். கேட்டது காதில் இருக்கும்போதே நோயாளிகளின் படுக்கைக்குப் போகிறோம். இந்த வழக்கம் நிலைத்ததற்கு முக்கியக் காரணம் இதுதான் என்று நம்புகிறேன்.

எந்தப் பழக்கமும் 21 நாளில் படிந்துவிடும் என்று எல்லோரும் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் உடன் பணிபுரிந்தவர்களும் 96 பேரை வைத்து இதை ஆராய்ந்து 2009-ல் வெளியிட்டார்கள். தினமும் ஒரு குறிப்பிட்ட வேலைக்குப் பிறகு ஒரு புதிய செயலைச் செய்யச் சொல்லி, அது எப்போது யோசிக்காமலே நடக்கிறது என்று பார்த்தார்கள். சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. எனக்கு மிகவும் ஆறுதலாக இருந்தது இன்னொரு முடிவு: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் பெரிதாகக் கெடுவதில்லை. வார்டில் எமர்ஜென்சி வந்தால் உரை கிடையாது. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம், குற்ற உணர்வே தேவையில்லை.

சரி, பார்த்ததில் வேலைக்கு என்ன வந்தது?

எங்கள் வார்டை அதிகம் மாற்றியது ஜில் போல்ட் டெய்லர் 2008-ல் பேசிய உரை. அவர் மூளையை ஆராய்கிற விஞ்ஞானி. 1996 டிசம்பரில் ஒரு காலையில், 37 வயதில், அவருடைய மூளையின் இடப்பக்கத்தில் ஒரு ரத்தக்குழாய் வெடித்து ஸ்ட்ரோக் வந்தது. சில மணி நேரத்தில் நடக்க, பேச, படிக்க, எழுத எதுவும் முடியாமல் போனதை உள்ளிருந்தே கவனித்தவர் அவர். முழுதாகத் தேற எட்டு வருடம் பிடித்தது. மேடையில் நிஜமான மனித மூளையைக் கையில் ஏந்திக் காட்டுவார். இளைய சிஸ்டர்கள் அந்தக் காட்சியைத்தான் முதலில் பேசினார்கள். ஆனால் எனக்கு மனதில் தைத்தது ஆஸ்பத்திரியில் கண் விழித்ததைப் பற்றி அவர் சொன்னது. வெளிச்சம் மூளையைத் தீயாய் எரித்ததாம். சத்தமெல்லாம் ஒன்றாகக் கலந்து இரைந்து, அதிலிருந்து ஒரு குரலைக்கூடப் பிரித்துக் கேட்க முடியவில்லையாம்.

எங்கள் வார்டில் ஸ்ட்ரோக் நோயாளி வந்தால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். தலைக்கு நேர் மேலே டியூப் லைட். கட்டிலைச் சுற்றி ஐந்தாறு சொந்தக்காரர்கள். "அப்பா, என்னைத் தெரியுதா?" "மாமா, கையைத் தூக்குங்க" என்று எல்லோரும் ஒரே நேரத்தில், சத்தமாக. பேச்சு போனவருக்குக் காதும் போய்விட்டது என்றே பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். பாசத்தில்தான் கத்துகிறார்கள், அதில் சந்தேகமில்லை. அந்த உரையைப் பார்த்த அன்றே ஹேண்ட் ஓவரில் பேசி முடிவு செய்தோம். கட்டிலுக்கு மேல் உள்ள விளக்கு பரிசோதனை நேரத்தில் மட்டும். பேசுவது ஒருவர், பக்கத்தில் போய், மெதுவாக, ஒரு நேரத்தில் ஒரு விஷயம். சொந்தக்காரர்களிடமும் இதைப் பக்குவமாகச் சொல்கிறோம். ஒரு பெரியவரின் மகள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, அப்பாவின் காதருகே உட்கார்ந்து அவர் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவர் திரும்பிப் பார்த்தார். மருந்தும் சிகிச்சையும் டாக்டர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். இது எங்கள் கையில் இருந்த வேலை, இதுவரை யாரும் எங்களுக்குச் சொல்லித் தராத வேலை.

அடுத்தது அதுல் கவாண்டே. அறுவை சிகிச்சை நிபுணர். 2012-ல் பேசினார். உலக சுகாதார நிறுவனத்துக்காக அவர் குழு தயாரித்த அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில் மொத்தம் 19 விஷயங்கள். மயக்க மருந்து கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், தியேட்டரை விட்டு நோயாளி வெளியே போகும் முன் என மூன்று இடத்தில் நின்று, வாய்விட்டுச் சரிபார்க்க வேண்டும். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் நடத்திப் பார்த்தபோது அறுவைக்குப் பின் இறந்தவர்களின் விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகவும் குறைந்தன. புதிய மருந்தும் இல்லை, புதிய கருவியும் இல்லை.

எங்களிடமும் ஆபரேஷனுக்கு அனுப்பும் முன் நிரப்பும் தாள் உண்டு. சம்மதக் கையெழுத்து, வெறும் வயிறு, அலர்ஜி, நகை, பல்செட், எந்தப் பக்கம் என்று உடம்பில் போட்ட குறி. ஆனால் டிக் அடிப்பது வேறு, சரிபார்ப்பது வேறு. அந்த உரைக்குப் பிறகு ஒருவர் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் நோயாளியைப் பார்த்துப் பதில் சொல்ல, அப்புறம்தான் டிக். கவாண்டேயின் பட்டியலில் நான் மிகவும் மதிக்கிற வரி ஒன்று உண்டு: கத்தி வைக்கும் முன் அறையில் உள்ள ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் நர்ஸுக்குப் பெயர் கிடையாது, எல்லோரும் 'சிஸ்டர்'தான். தன் பெயரைச் சொல்லி ஒருமுறை வாய் திறந்துவிட்ட பெண்ணுக்கு, ஏதோ சரியில்லை என்று தோன்றும்போது "சார், ஒரு நிமிஷம்" என்று சொல்வது சுலபமாகிறது. என் அனுபவத்தில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி அதன் நிர்வாகிகளில் ஒருவரான துளசிராஜ் ரவில்லா 2009-ல் மைசூரில் பேசிய உரையைப் பார்த்த நாள் டூட்டி ரூமே நிமிர்ந்து உட்கார்ந்தது. மதுரை அண்ணா நகரில் நாங்கள் பஸ்ஸில் கடந்து போகும் கட்டடம் அது. டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல், 11 படுக்கைகளோடு தொடங்கியது. அவருடைய விரல்கள் மூட்டுவாதத்தால் கோணிப்போனவை. அந்த விரல்களாலேயே ஆயிரக்கணக்கான கண்களுக்கு அறுவை செய்தார். தியேட்டரில் டாக்டருக்குப் பக்கத்திலேயே இன்னொரு மேஜையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். ஒன்று முடிந்ததும் டாக்டர் அப்படியே திரும்பிக்கொள்ளலாம். அந்தத் தயாரிப்பையெல்லாம் செய்வது கிராமங்களிலிருந்து பிளஸ் டூ முடித்து வந்து அங்கேயே பயிற்சி பெற்ற பெண்கள். அந்த வேலை முறையின் முதுகெலும்பு அவர்கள்தான். என்னோடு பணிபுரிகிறவர்களும் உசிலம்பட்டி, மேலூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். தங்களைப் போன்றவர்களின் உழைப்பு உலகத்துக்குப் பாடமாகச் சொல்லப்படுகிறது என்று அவர்கள் தெரிந்துகொண்ட காலை அது. மறுநாளிலிருந்து டிரஸ்ஸிங் டிராலியை முந்தைய ஷிப்டே அடுக்கி வைத்துவிட்டுப் போகத் தொடங்கியது. நான் சொல்லவில்லை, அவர்களாகவே செய்தார்கள்.

கோவை அருணாச்சலம் முருகானந்தத்தின் உரையையும் சொல்ல வேண்டும். மலிவு விலை நாப்கின் இயந்திரம் செய்தவர். இலக்கணத்தைப் பற்றிக் கவலையே இல்லாமல் இங்கிலீஷில் பேசி அரங்கத்தைக் கட்டிப்போடுவார். வெளிநாட்டு வேலைக்காக, மருத்துவத் துறையினருக்கான இங்கிலீஷ் தேர்வான ஓஇடிக்குப் படித்துக்கொண்டு, பேசவே பயந்துகொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு அது எந்தக் கோச்சிங் சென்டரும் கொடுக்காத தைரியத்தைக் கொடுத்தது.

எல்லா உரையும் இப்படி நிலைப்பதில்லை. 2012-ல் உளவியல் ஆய்வாளர் ஏமி கடி பேசியது மிக அதிகம் பேர் பார்த்த உரைகளில் ஒன்று. கைகளை இடுப்பில் ஊன்றி, நெஞ்சை நிமிர்த்தி இரண்டு நிமிடம் நின்றால் ஹார்மோன்கூட மாறும், தைரியம் வரும் என்றார். 2015-ல் இன்னும் அதிகம் பேரை வைத்துச் செய்த ஆய்வில் ஹார்மோன் மாறவில்லை. அடுத்த வருடம், அந்த உரைக்கு அடிப்படையான முதல் ஆய்வை அவரோடு சேர்ந்து செய்தவரே அந்த விளைவில் தனக்கு நம்பிக்கை இல்லை என்று வெளிப்படையாக எழுதினார். இதைப் படித்துவிட்டு வந்த ஒரு சிஸ்டர், "அப்போ நாம பார்த்தது வீணா அக்கா?" என்று கேட்டாள். வீணில்லை என்றேன். டாக்டர் போனில் ஒரு டோஸ் சொன்னால் அதை எழுதி, திருப்பி வாசித்துக் காட்டி, உறுதி செய்துகொண்ட பிறகுதானே கொடுக்கிறோம்? மேடையில் சொல்வதையும் அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அழகாகப் பேசுகிறார் என்பது ஒரு தகுதி, சரியாகச் சொல்கிறார் என்பது வேறு.

அதிலிருந்து உரையைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு தெளிவு வந்தது. 'உன்னால் முடியும், எழுந்து வா' என்று முழங்குகிற பேச்சுகளை நாங்கள் எடுப்பதில்லை. ஒரு வேலையைச் செய்தவர், எப்படிச் செய்தார், எங்கே தடுக்கியது, எதை மாற்றினார் என்று சொல்வதாக இருக்க வேண்டும். வாரத்துக்கு ஒருவர் பொறுப்பு. அவர் முதலில் தனியாகப் பார்த்துவிட்டு, நீளமானதை இரண்டு நாளாகப் பிரித்து வைப்பார். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி: இதில் நம் வார்டுக்கு ஏதாவது உண்டா? பல நாள் இல்லை என்றுதான் பதில் வரும். அதுவும் நல்ல பதில்தான், கட்டாயப்படுத்தி ஒன்றைப் பிடுங்கத் தேவையில்லை.

நைட் டூட்டிக்காரர்களுக்கு மட்டும் இது இன்னும் சரியாக அமையவில்லை. நாங்கள் பார்க்கும் நேரத்தில் அவர்கள் கடைசிச் சுற்று ரத்த அழுத்தம், சுகர் பார்த்துக்கொண்டு, நோட்ஸ் முடிக்கும் அவசரத்தில் இருப்பார்கள். குரூப்பில் லிங்க் அனுப்பினால் வீட்டில் தனியாகப் பார்க்க வேண்டும். ராத்திரி முழுக்க விழித்தவருக்கு வீட்டுக்குப் போனால் தேவைப்படுவது தூக்கம், உரை இல்லை. தனியாகப் பார்ப்பதில் அந்தக் கேள்வியும் விட்டுப்போகிறது. காலையில் பார்த்த அதே உரையை இரவு ஷிப்ட் தொடங்கும் முன் அவர்களும் சேர்ந்து பார்த்தால் என்ன என்று அவர்களில் ஒருவர் கேட்டிருக்கிறார். அடுத்த டூட்டி லிஸ்ட் போடும்போது அதற்கும் ஒருவர் பெயரைப் பொறுப்பாக எழுதப் போகிறேன்.