எரிச்சல் நின்றதா, கால் மரத்ததா?

“ஒரு மண்டலம் கஷாயம் குடிச்சேன், கால் எரிச்சல் போன இடம் தெரியல.” தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரை, சுகர்காரர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வரும். கேட்டதும் நாட்டு மருந்துக் கடைக்குக் கிளம்பாதீர்கள். சொன்னவரைக் கண்ணை மூடிப் படுக்கச் சொல்லி, அவருடைய கால் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை உங்கள் ஆள்காட்டி விரலால் ஒரு விநாடி, இரண்டு விநாடி பட்டும் படாமலும் தொடுங்கள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. இரண்டு காலிலும் சேர்த்து ஆறு இடம். அதில் இரண்டு இடம் தெரியாவிட்டாலே உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று அர்த்தம். கஷாயம் எரிச்சலை ஆற்றியிருக்க வேண்டியதில்லை. எரிச்சலைச் சொல்லும் நரம்பே சுகரால் கெட்டு அடங்கிப் போயிருக்கலாம். ஆபத்து அங்கேதான் ஆரம்பம்.

இங்கிலீஷ் மருந்தும் நரம்பைப் புதுப்பிப்பதில்லை, வலியை மட்டுமே தணிக்கும். பிரிகாபலின் பெரும்பாலும் இரவில் 75 மி.கி., அமிட்ரிப்டிலின் 10 மி.கி., டுலாக்செட்டின் 30 மி.கி. என்று தொடங்கி மெதுவாக ஏற்றுவார்கள். வலி பாதியாகக் குறைந்தாலே நல்ல பலன். நாலு நாள் போட்டு ‘கேக்கல’ என்று விடுவதுதான் இங்கே வழக்கம். இரண்டு முதல் நாலு வாரம் பொறுக்க வேண்டும். நிறுத்துவதானாலும் படிப்படியாகத்தான்.

பிரிகாபலின் சிறுநீரகம் வழியாக வெளியேறுவது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்க்காமல் அதே அளவைத் தொடர்ந்தால் மருந்து உடம்பில் தேங்கி, ராத்திரி எழும்போது தலை சுற்றி விழ வைக்கும். கால் வீக்கமும் வரலாம். புராஸ்டேட் வீங்கியவருக்கு அமிட்ரிப்டிலின் சிறுநீரை அடைத்துவிடலாம். கண் அழுத்தம், இதயக் கோளாறு இருந்தாலும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். கல்லீரல் கெட்டவருக்கு டுலாக்செட்டின் ஆகாது. மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் இந்த வலிக்குப் பெரிதாக உதவாது, சிறுநீரகத்தைத்தான் பதம் பார்க்கும்.

வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை போடுபவருக்கு வைட்டமின் பி12 குறையலாம். அந்த மதமதப்பும் இதே மாதிரிதான் இருக்கும். ரத்தத்தில் பார்த்துவிடுவது நல்லது.

மூலிகைக்கு வருவோம். ஆவாரம்பூ, வெந்தயம், சிறுகுறிஞ்சான் எல்லாம் சுகருக்கென்று குடிப்பவை. நரம்பு வலிக்கு மாத்திரைக்கு ஈடாக நிற்கும் என்று காட்ட உறுதியான ஆய்வு கிடையாது. கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரையோடு சிறுகுறிஞ்சான் பொடியும் சேர்ந்தால் சுகர் தடாலென்று இறங்கி, வியர்த்து, கை நடுங்கலாம். லேபிள் இல்லாத பற்பம், செந்தூரம் போன்ற சித்த மருந்துப் பொடிகள் இன்னும் மோசம்: ஈயமோ ஆர்செனிக்கோ கலந்திருந்தால் அவையே நரம்பைக் கெடுக்கும்.

சோதித்துப் பலன் கண்ட செடிச்சரக்கு ஒன்று உண்டு, அதுவும் நம் அடுப்படியில்: மிளகாய். அதன் காரமான கேப்சைசினில் செய்த 0.075 சதவீதக் களிம்பை, புண் இல்லாத தோலில் தினமும் மூன்று நாலு தடவை தடவ வேண்டும். முதல் ஒன்றிரண்டு வாரம் எரிச்சல் கூடும். அதற்குப் பயந்து நிறுத்துபவர்கள்தான் அதிகம். தடவியதும் கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் கண் பக்கம் கொண்டுபோகாதீர்கள். களிம்புக்குப் பதிலாக மிளகாயை அரைத்துப் பூசினால் தோல் வெந்துதான் போகும்.

தைலம் தேய்ப்பது தோலுக்கு இதம், தடையில்லை. விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம், ஈரம் தங்கிச் சேற்றுப்புண் பிடிக்கும். மரத்த காலுக்கு உப்பு ஒத்தடம் கூடவே கூடாது. சூடு தெரியாது, காலையில் கொப்புளம்தான் தெரியும்.

குறுவை நடவுக்குச் சேற்றில் இறங்கினவர் கரையேறியதும் விரல் இடுக்கைத் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். கருவேல முள் செருப்பைத் துளைத்து உள்ளே நீட்டிக்கொண்டிருந்தாலும் அந்தக் காலுக்குத் தெரியாது. அதனால் செருப்பு போடுமுன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.