இரண்டாவது சிலிண்டர்

அக்டோபர் 1, 2025, புதன்

ஆயுத பூஜை. காலையிலேயே வண்டியைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் எடுத்து வைத்திருந்தேன். சாயங்காலம் பழத்தை நசுக்குவதற்காக ஸ்டார்ட் செய்தால் வண்டி நடுங்குகிறது. லேசான நடுக்கம் இல்லை. ஸ்டியரிங்கில் வைத்த கை ஆடுகிறது, பின்கண்ணாடியில் தெரியும் தெரு விளக்கு இரண்டாகத் தெரிகிறது. இரண்டு நிமிடம் ஓடியதும் கொஞ்சம் அடங்கியது.

2005-ஆம் வருட ஆல்டோ. அப்பா வாங்கியது. ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஜனவரியில் அப்பா போன பிறகு கல்லிடைக்குறிச்சி வீட்டு முற்றத்தில் தார்ப்பாய் போர்த்தி நின்றது. ஜூலை கடைசியில்தான் பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்தேன். விற்றுவிடு என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு மனசு வரவில்லை. அதுபோக, அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வர இந்த வண்டிதான் வேண்டும். நவம்பர் முதல் வாரம் ஆபரேஷன் நாள் கொடுத்திருக்கிறார்கள்.

அக்டோபர் 4, சனி

மூன்று நாளாகக் கவனித்ததை எழுதி வைக்கிறேன். மெக்கானிக்கிடம் போனால் பாதி மறந்துவிடும்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் மிஸ்ஸிங், அதாவது இன்ஜின் சீராக ஓடாமல் விட்டு விட்டு ஓடுகிறது. சூடானதும் குறைகிறது, ஆனால் போவதில்லை. சிக்னலில் நிற்கும்போது ஏசி போட்டால் ஐட்லிங் விழுந்து, அணையப் பார்க்கிறது. வண்ணாரப்பேட்டை மேம்பாலம் ஏறும்போது இரண்டாவது கியரில் முட்டி முட்டி ஏறுகிறது. வேகம் பிடித்துவிட்டால் அவ்வளவாகத் தெரியவில்லை. மைலேஜ், டேங்க் நிரப்பி டேங்க் நிரப்பிக் கணக்குப் பார்த்ததில், லிட்டருக்கு 13. அப்பா காலத்தில் 16-க்குக் குறைந்ததில்லை, அவருடைய நோட்டில் இருக்கிறது. செக் இன்ஜின் விளக்கு எரியவில்லை.

பக்கத்தில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். பானெட்டைத் திறந்து அரை நிமிடம் கேட்டுவிட்டு, "மூணு இன்ஜெக்டரையும் பம்பையும் மாத்திரணும் சார், பழைய வண்டி" என்றார்கள். இன்ஜெக்டர் என்பது இன்ஜினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கிற குட்டி நாசில், சிலிண்டருக்கு ஒன்று. பதினாலாயிரம் ரூபாய். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. வண்டியைத் திரும்ப எடுத்து வந்துவிட்டேன். வயசானது என்பது ஒரு பழுதின் பெயர் இல்லை. என்ன கெட்டது என்று சொல்லாமல் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னால் கோபம்தான் வருகிறது.

அக்டோபர் 5, ஞாயிறு

இன்று முழுக்க வாசலில் வண்டியோடுதான்.

முதலில் ஸ்பார்க் பிளக். மூன்றையும் கழற்றி வரிசை மாறாமல் பேப்பரில் வைத்தேன். முதலாவதும் மூன்றாவதும் லேசாகக் கரி படிந்து கறுப்பாக இருக்கின்றன. இரண்டாவது மட்டும் சுண்ணாம்பு பூசியது மாதிரி வெளுத்திருக்கிறது. வெளுத்தால் அந்த சிலிண்டருக்குப் பெட்ரோல் பற்றவில்லை, காற்று அதிகம் என்று அர்த்தம். பிளக்கே காரணமாக இருக்கலாமே என்று முதலாவதையும் இரண்டாவதையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டினேன். மிஸ்ஸிங் பிளக்கோடு போகவில்லை, இரண்டாவது சிலிண்டரிலேயே நின்றது.

அப்புறம் ஐட்லிங்கில் ஓடவிட்டு இன்ஜெக்டர் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினேன். முதலாவதைக் கழற்றினால் இன்ஜின் தள்ளாடி அணையப் போகிறது. மூன்றாவதும் அப்படியே. இரண்டாவதைக் கழற்றினால் பெரிய மாற்றமே இல்லை. அதாவது அந்த சிலிண்டர் ஏற்கெனவே பேருக்குத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

கடைசியாக நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜெக்டர் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். மூன்றிலும் டிக்டிக் சத்தம் ஒரே மாதிரி. கரண்ட் போகிறது, உள்ளே ஊசி ஏறி இறங்குகிறது. பெட்ரோல் மட்டும் சரியாக வரவில்லை.

ஏன் விளக்கு எரியவில்லை என்பதும் இப்போதுதான் புரிகிறது. இன்ஜெக்டருக்குப் போகும் கரண்ட் சரியாக இருக்கிறதா என்றுதான் வண்டியின் கம்ப்யூட்டருக்குத் தெரியும். வாய் அடைத்திருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. ஐட்லிங்கில் ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று மில்லிசெகண்ட் திறக்கச் சொல்கிறது, மூன்றுக்கும் ஒரே அளவு. புகைக்குழாயில் இருக்கிற ஆக்சிஜன் சென்சார் மொத்தமாகச் சேர்த்துத்தான் பார்க்கும். ஒன்று பட்டினி கிடந்தால் "பெட்ரோல் குறைவு" என்று எண்ணி மூன்றுக்குமே கூட்டி ஊற்றும். அதனால்தான் மற்ற இரண்டு பிளக்கிலும் கரி, மைலேஜிலும் அடி.

ராத்திரி அம்மா போன் செய்தாள். விவரம் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "ஏல, அப்பா மருந்தடிக்கிற டின்னுல நாசில் அடைச்சா இப்படித்தான். பூவா விழாது, ஒரு பக்கமா கம்பி கணக்கா பாயும். அந்தப் பக்கத்துப் பயிரு கருகிப்போவும், இந்தப் பக்கம் புழு அப்படியே கிடக்கும்" என்றாள். இரண்டு நாளாக நான் படித்துத் தெரிந்துகொண்டதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். "ஊசி கொண்டு குத்திராத. அப்பா குத்தவே விடமாட்டாவ, ஓட்டை பெரிசாயிரும்னு சொல்லுவாவ."

அக்டோபர் 7, செவ்வாய்

மேலப்பாளையத்தில் ஒரு பாய் இருக்கிறார், இன்ஜெக்டர் வேலை மட்டுமே செய்கிறவர். நான் எழுதி வைத்ததை வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். கேட்ட பிறகும் நம்பிவிடவில்லை, அது எனக்குப் பிடித்தது.

"கம்ப்ரஷன் பாத்துருவோம் சார். வால்வு போயிருந்தாலும் இப்படித்தான் காட்டும்" என்றார். சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அமுங்குகிறது என்பதுதான் கம்ப்ரஷன். பார்த்தார். மூன்று சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருந்தன. பெட்ரோல் லைனில் அழுத்தம் பார்க்கும் கேஜ் மாட்டினார், 3 பாருக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றது. பம்பு நன்றாகவே இருக்கிறது. சனிக்கிழமை அவர்கள் பேச்சைக் கேட்டிருந்தால் நல்ல பம்பைக் கழற்றிக் குப்பையில் போட்டிருப்பேன்.

பெட்ரோல் பில்ட்டரைக் கழற்றி, உள்ளே வரும் பக்கமாகக் கவிழ்த்து ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றினார். டீத்தண்ணீர் நிறம். அடியில் தனியாக ஒரு சொட்டுத் தண்ணீர் உருண்டது. பில்ட்டர் புதிது போட்டாயிற்று.

"வண்டி எத்தன மாசம் நின்னுச்சு?" என்றார். ஆறு மாதத்துக்கு மேல் என்றேன். தலையை ஆட்டினார்.

அவர் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன். பெட்ரோல் ஒரே பொருள் இல்லை, லேசானதும் கனமானதும் கலந்தது. வண்டியை அணைத்ததும் இன்ஜின் சூட்டில் இன்ஜெக்டர் நுனியில் தங்கிய ஒரு சொட்டில் லேசானது ஆவியாகிப் போய்விடும். கனமானது மட்டும் ஒட்டிக்கொண்டு, அடுத்த சூட்டில் காய்ந்து, கருப்பட்டிப் பாகு பாத்திரத்தில் இறுகுவது மாதிரி இறுகும். நீண்ட தூரம் ஓடினால் புதுப் பெட்ரோல் கொஞ்சமாவது கழுவிவிடும். நான் ஆகஸ்டு முதல் செய்ததோ, வீட்டிலிருந்து பேங்குக்கு 3 கிலோமீட்டர், சாயங்காலம் திரும்ப 3 கிலோமீட்டர். சூடாவதற்குள் அணைத்து, ஆறுவதற்குள் மறுபடி. மாதக்கணக்கில் நின்ற பழைய பெட்ரோலைக் கொட்டாமல் அதன் மேலேயே புதிதை நிரப்பியதும் நான்தான்.

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். பழைய டேங்கில் வருடக்கணக்காகப் படிந்திருந்ததைக் கரைத்தும் கொண்டுவரும். ஓடிக்கொண்டே இருக்கிற வண்டிக்கு ஒன்று, மாதக்கணக்கில் நிற்கிற 20 வயது வண்டிக்கு வேறு. எத்தனால் மேல் எல்லாப் பழியையும் போடுவது சரியில்லை என்றுதான் நினைக்கிறேன். நிறுத்தி வைத்தவன் நான்.

அக்டோபர் 12, ஞாயிறு

இன்ஜெக்டர்களைக் கழற்றுவதற்கு முன்னால் டேங்கில் ஊற்றும் கிளீனரை முயன்று பார்க்கலாம் என்று பாய் சொல்லியிருந்தார். பாலிஈதர் அமைன் என்று டப்பாவில் போட்டிருப்பதாகப் பார்த்து வாங்கச் சொன்னார். இதன் டேங்க் 35 லிட்டர். டப்பாவில் போட்ட அளவைத் தாண்டாமல் ஊற்றி, முழு டேங்க் நிரப்பி, நாங்குநேரி வழியாக வள்ளியூர் வரை நான்கு வழிச்சாலையில் போய் வந்தேன். நல்ல காற்று. போகப்போக வண்டி லேசானது போலத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து கனெக்டர் கழற்றிப் பார்த்தேன். இரண்டாவதில் இப்போது சின்ன மாற்றம் தெரிகிறது. ஆனால் காலை நடுக்கம் முழுதாகப் போகவில்லை. யோசித்தால் நியாயம்தான். மருந்து பெட்ரோலோடுதான் போகும். எந்த வாய் அதிகம் அடைத்திருக்கிறதோ, அதற்குள்தான் மருந்தும் குறைவாகப் போகும். லேசான அழுக்குக்கு இது போதும். இது லேசான அழுக்கு இல்லை.

அக்டோபர் 15, புதன்

லீவு போட்டுவிட்டு பாய் பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசை.

பம்பின் பியூஸை எடுத்துவிட்டு, இன்ஜினை அது தானாக அணையும்வரை ஓடவிட்டார். லைனில் அழுத்தம் இறங்காமல் குழாயைக் கழற்றினால் பெட்ரோல் பீய்ச்சி அடிக்கும், சூடான இன்ஜின் மேல் விழுந்தால் தீ. பேட்டரி நெகட்டிவைக் கழற்றினார். இன்ஜெக்டர் இருக்கும் இடத்தைச் சுற்றி ஏர் அடித்து மண்ணை விரட்டின பிறகுதான் மூன்று இன்ஜெக்டரும் மாட்டியிருக்கும் குழாயை, ரெயிலை, தூக்கினார். இந்த ஒழுங்கைப் பார்த்தபோதே எனக்குப் பாதிக் கவலை போயிற்று.

மூன்றையும் டெஸ்ட் பெஞ்சில் மாட்டினார். கீழே அளவு போட்ட கண்ணாடிக் குழல்கள், பின்னால் விளக்கு. முதலாவதும் மூன்றாவதும் கூம்பாகப் புகை மாதிரி விழுந்தன. இரண்டாவது, அம்மா சொன்னது அட்சரம் பிசகவில்லை, ஒரு பக்கமாகக் கம்பி மாதிரி பாய்ந்தது. பதினைந்து செகண்டில் முதல் குழலில் 41 மில்லி, மூன்றாவதில் 40, நடுவில் 28.

உள்ளே இருக்கும் குட்டி வடிகட்டியை எடுத்துக் காட்டினார். அரிசி மணி அளவு. இரண்டாவதில் அது பழுப்பேறிப் பாதி மூடியிருந்தது. ஊசியோ கம்பியோ எதுவும் தொடவில்லை. ஒலி அதிர்வால் அழுக்கை உதிர்க்கும் அல்ட்ராசோனிக் தொட்டியில், திறந்து மூடிக்கொண்டே இருக்கும்படி கரண்ட் கொடுத்து இருபது நிமிடம் போட்டார். தொட்டித் தண்ணீரில் மெல்லிய பழுப்புக் கோடு இறங்கியதைப் பார்த்தேன். வெளியே எடுத்துத் திருப்பி வைத்து, எதிர்த் திசையில் அடித்தார். புது வடிகட்டி, கசியாமல் இருக்கப் போடும் ரப்பர் வளையமான ஓ ரிங்கும் புதிது. மாட்டும்போது ஓ ரிங்கில் சுத்தமான இன்ஜின் ஆயில் ஒரு துளி தடவினார், இல்லாவிட்டால் கிழியும்.

மறுபடி பெஞ்ச். 42, 41, 42. நடுவில் பூவாக விழுந்தது. அழுத்தம் கொடுத்து, திறக்காமல் ஒரு நிமிடம் வைத்துப் பார்த்தார், ஒரு சொட்டும் கசியவில்லை.

பில்ட்டர், வடிகட்டி, ஓ ரிங், கூலி எல்லாம் சேர்த்து 2,300 ரூபாய். டேங்கை இறக்கிக் கழுவியதற்குத் தனியாக 900. மாட்டி முடித்துச் சாவியைத் திருப்பியதும் உடனே அணைத்துவிட்டு, ஓ ரிங் பக்கம் விரலால் தடவிப் பெட்ரோல் ஈரம் இருக்கிறதா என்று பார்த்தார். அதன் பிறகுதான் ஓடவிட்டார்.

நடுக்கம் இல்லை. ஸ்டியரிங் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகவில்லை, எங்களுக்குப் பண்டிகை இல்லை. நேற்றே கல்லிடைக்குறிச்சி வந்துவிட்டேன். பேட்டை, பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர். மூன்றாவது கியரில் முக்காமல் இழுத்தது. வழியெல்லாம் பிசான நெல் சாகுபடிக்கு வயலில் தண்ணீர் நிற்கிறது.

அம்மா திண்ணையில் உட்கார்ந்தபடியே, "சத்தம் அடங்கிட்டு" என்றாள். பிறகு உள்ளே போய் அப்பாவின் மருந்து டின்னை எடுத்து வந்து முற்றத்தில் வைத்தாள். நாசிலைக் கழற்றினேன். அதுவும் அடைத்துத்தான் இருந்தது. மண்ணெண்ணெயில் ஊறப் போட்டிருக்கிறேன்.

நவம்பர் 5, புதன்

நேற்று ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அம்மா முன்சீட்டில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து பாளையங்கோட்டை வீடு வரை ஒரு குலுங்கல் இல்லை.

இந்தத் தடவை டேங்க் கணக்கு 15.8. பேங்குக்கு இனிமேல் நடக்கப்போகிறேன், அந்த 3 கிலோமீட்டருக்கு வண்டி வேண்டாம். டேங்கைப் பாதிக்குக் கீழே விடுவதில்லை, மாதக்கணக்கில் நிறுத்துவதும் இல்லை. அம்மா ஊருக்குத் திரும்பிய பிறகு ஞாயிறுதோறும் கல்லிடைக்குறிச்சி, போக வர 70 கிலோமீட்டர் போல. அதைச் சொன்னதும், "அப்பம் வாரா வாரம் சொதி வைக்கேன், நேரத்தோட வந்துரு" என்றாள்.