ஒரே தந்தியில் மிசிர்லூ

நான்கு மாதமாக வேலை முடிந்து வந்து கிட்டாரைக் கையில் எடுத்தால் ஒரே பாட்டுதான். டிக் டேல் என்ற அமெரிக்க கிட்டார் கலைஞர் வாசித்த மிசிர்லூ. 1994-ல் வந்த ‘பல்ப் ஃபிக்ஷன்’ படத்தின் டைட்டிலில் வருமே, அதேதான். காலேஜில் படிக்கும்போது முதல்முறை கேட்டதிலிருந்து அந்த சத்தத்தின் மேல் எனக்குத் தீராத ஆசை, ஆனால் நாமும் வாசிக்கலாம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை, அந்த வேகம் மனுஷக் கைக்கு வரும் என்றே நம்பவில்லை.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா அதன் டேபைத் திறந்து பார்த்தேன், அதாவது தந்திக்கு ஒரு வரியாக, எங்கே அழுத்த வேண்டும் என்று எண்களில் எழுதிய குறிப்பை. முதல் பக்கத்தில் ஐந்து வரி காலி. எல்லா எண்களும் கடைசி வரியில், அதாவது தடிமனான ஆறாவது தந்தியில் மட்டும். திறந்த தந்தி, அப்புறம் ஒன்றாம் ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி), நான்கு, ஐந்து, ஏழு, எட்டு. கார்டு இல்லை, தந்தி விட்டுத் தந்தி தாவுவது இல்லை. இடது கைக்கு இவ்வளவுதான் வேலையா என்று ஆச்சரியமாக இருந்தது.

வலது கைக்குத்தான் எல்லாமே. ஒவ்வொரு சுரத்தையும் பிக்கால், அதாவது தந்தியை மீட்டும் சின்னத் தகட்டால், மேலும் கீழும் விடாமல் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், நொடிக்குப் பத்து அடிக்கும் மேல், நடுவில் மூச்சு விட இடமே கிடையாது.

தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒரு தட்டுக்கு நான்கு அடி என்று ஆமை வேகத்தில் ஆரம்பித்தேன். டேபில் இருந்த வரிசையை விட்டுவிட்டு, விரலுக்கு இடம் பழகட்டும் என்று அந்த ஃப்ரெட்களை ஏறுவரிசையில் ஒவ்வொன்றாக அழுத்திப் போனேன். சமையலறையிலிருந்து அம்மா, “என்னடா, சரளி வரிசை வாசிக்கிறியா?” என்றார்.

ஆமாம், சரளி வரிசை பாடும் அதே ராகம், மாயாமாளவகௌளை! எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரைக்கும் வாரத்தில் இரண்டு நாள் பாட்டு கிளாஸில் உட்கார்ந்து பாடிய அதே ஸ ரி க ம ப த நி. திறந்த தந்தியை ஸ என்று வைத்துக்கொண்டால் ஒன்றாம் ஃப்ரெட் சுத்த ரிஷபம், நான்காவது அந்தர காந்தாரம், ஐந்து சுத்த மத்யமம், ஏழு பஞ்சமம், எட்டு சுத்த தைவதம். மேலே பதினொன்றில் காகலி நிஷாதம், பன்னிரண்டில் மேல் ஸட்ஜம். மேற்கத்திய இசையில் இதை டபுள் ஹார்மோனிக் ஸ்கேல் என்கிறார்கள், பைசாண்டைன் என்றும் ஒரு பெயர் உண்டு. தாய் ராகங்களின் பட்டியலான மேளகர்த்தாவில் 15 என்று சின்ன வயதில் மனப்பாடம் செய்த எண்ணுக்கு இப்போது ஒரு வேலை வந்திருக்கிறது.

இது புரிந்த பிறகு டேபைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். ஸ ரி க ம-வுக்கு என்ன இடைவெளியோ அதேதான் ப த நி ஸ-வுக்கும்: ஒரு ஃப்ரெட், மூன்று ஃப்ரெட், ஒரு ஃப்ரெட். கீழே ஒரு முறை கை பழகினால் ஏழாம் ஃப்ரெட்டில் வைத்து அதையே திரும்பச் செய்யலாம். ரி-யிலிருந்து க-வுக்குப் போவதுதான் சிரமம், ஏனென்றால் கழுத்தின் அடிப்பக்கத்தில் ஃப்ரெட்கள் அகலம். ஒன்றுக்கும் நான்குக்கும் நடுவில் என் கிட்டாரில் கிட்டத்தட்ட 10 செ.மீ. இருக்கிறது. விரலை நீட்டிப் பார்த்தேன், கட்டைவிரல் அடியில் வலி எடுத்தது. அப்புறம் நீட்டுவதை விட்டு, கையையே நகர்த்தப் பழகினேன்.

இந்த ஸ்வரங்கள் கலிஃபோர்னியா கடற்கரைக்கு எப்படிப் போயின என்பது எனக்குப் பாட்டு அளவுக்கே பிடித்த விஷயம். மிசிர்லூ கிழக்கு மத்தியதரைக் கடல் பக்கத்துப் பழைய பாட்டு. எகிப்துக்கு அரபியில் மிஸ்ர் என்று பெயர், மிசிர்லூ என்றால் எகிப்துக்காரி. கிரேக்கர்கள் 1927-லேயே இசைத்தட்டில் பாடியிருக்கிறார்கள். டிக் டேலின் இயற்பெயர் ரிச்சர்ட் மன்சூர், 1937-ல் பாஸ்டனில் பிறந்தவர், அப்பா வழி லெபனான். உறவுக்காரர் ஒருவர் ஊத் என்ற அரபு வாத்தியத்தில் இந்தப் பாட்டை வாசித்துக் கேட்டு வளர்ந்திருக்கிறார், அவரிடம் தரபாகி என்ற, கையால் தட்டும் மேளமும் கற்றிருக்கிறார். பிறகு தெற்கு கலிஃபோர்னியாவுக்குக் குடிபோய், அலைச்சறுக்கில் இறங்கி, பால்போவா கடற்கரையில் ரான்டேவூ பால்ரூமில் ஆயிரக்கணக்கான பையன்களுக்கு முன்னால் வாசித்தவர். ஒரே தந்தியில் ஒரு முழுப் பாட்டு வாசிக்க முடியுமா என்று ஒரு சிறுவன் கேட்டதால்தான் வீட்டில் கேட்ட மிசிர்லூவைக் கையில் எடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 1962-ல் தட்டு வந்தது. அதில் நடுவில் வரும் ட்ரம்பெட்டும் அவர் வாசித்ததுதான்.

தரபாகி என்ற அந்த ஒரு சொல்தான் என் வலது கையைத் திருத்தியது. அதுவரை நான் அதைக் கிட்டார் வேலை என்றே நினைத்து, வேகம் வர வேண்டுமே என்று முழங்கையிலிருந்து ஆட்டிக்கொண்டிருந்தேன். 100-ஐத் தாண்டினால் தோள் வரைக்கும் இறுகிப்போகும், இரண்டு வரியில் கை நின்றுவிடும், ஜனவரி முழுக்க இதே கதை. அப்புறம் ஒரு நாள் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, மேஜையில் விரலால் தட்டி வாயால் தகதிமி தகதிமி என்று சொல்லிப் பார்த்தேன். ‘த’-வில் மட்டும் ஒரு சின்ன அழுத்தம், மற்ற மூன்றும் தானாக வந்து விழ வேண்டியவை. இதையே பிக்குக்கு மாற்றினேன். நான்கில் முதல் அடியைத்தான் நான் அடிக்கிறேன், மீதி மூன்றும் மணிக்கட்டின் ஆட்டத்தில் வருகின்றன. இடது கை அடுத்த ஸ்வரத்துக்கு மாறுவதும் அந்த ‘த’-வில் மட்டும்தான். அரை அடி முன்னால் மாறினால்கூட சத்தம் குழம்பிவிடுகிறது.

பயிற்சிக்கு ஜண்டை வரிசை அற்புதமாக உதவியது. ஸஸ ரிரி கக மம என்று ஒவ்வொரு ஸ்வரமும் இரட்டையாக வருவதால் ஒன்று டவுன் ஸ்ட்ரோக், அடுத்தது அப் ஸ்ட்ரோக். முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று கிளாஸில் செய்த மாதிரியே செய்கிறேன். மெட்ரோனோமை ஐந்து ஐந்தாக ஏற்றுவதைவிட, தாளத்தை அப்படியே வைத்துக்கொண்டு காலத்தை இரட்டிப்பது கைக்கு வேறு மாதிரி தெளிவைத் தருகிறது. கமகம் மட்டும் இங்கே சேர்க்கக் கூடாது. ரி-யை அசைக்க விரல் துடிக்கும், அசைத்தால் இந்தப் பாட்டின் முரட்டுத்தனம் போய்விடும்.

முதலில் 0.60 மி.மீ. பிக் வைத்திருந்தேன், வேகத்தில் அது வளைந்து தாமதமாகத் திரும்பியது. இப்போது 0.88, பச்சை நிறம். நுனி ஒரு மில்லிமீட்டர் மட்டும் தந்திக்கு அந்தப்பக்கம் போகிற மாதிரி, சற்றே சாய்த்துப் பிடிக்க வேண்டும். அரை மணி நேரம் வாசித்துவிட்டுக் குனிந்து பார்த்தால் கிட்டார் உடலில் பதித்த கறுப்புத் தகடான பிக்கார்டின் மேல் மெல்லிசாகப் பச்சைப் பொடி படிந்திருக்கும். பிக்கின் ஒரு தோள் மட்டும் தேய்ந்து சரிந்திருக்கும். தேய்ந்த பிக்குகளைத் தூக்கிப் போட மனசு வராமல் ஒரு டப்பாவில் போட்டு வைக்கிறேன், இதுவரை ஒன்பது.

தந்தியும் பெரிய விஷயம். கடையில் போட்டுக் கொடுத்தது 9-லிருந்து 42 வரையான சாதாரண செட் (தந்தியின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில்). ஆறாவது தந்தி பிக் பட்டதும் சவுக்கு மாதிரி அலையும், அடுத்த அடி எங்கே விழும் என்றே தெரியாது. டேல் போட்டது 16-லிருந்து 60. அவ்வளவு தடிமன் என் கிட்டாரின் நட்டில், அதாவது கழுத்தின் முனையில் தந்திகள் உட்காரும் பள்ளத்தில், உட்காராது, விரலும் தாங்காது. 11-49 போட்டேன், அதிலேயே தந்தி அடங்கி நின்று அடியை வாங்கிக்கொள்கிறது. இன்னொன்று, அவருடைய வீடியோவைப் பார்த்து அப்படியே பின்பற்றாதீர்கள். அவர் இடதுகைக்காரர், தந்திகளை மாற்றிக் கட்டாமல் கிட்டாரைத் திருப்பிப் பிடித்தவர், தடிமனான தந்தி அவருக்கு அடியில், தரையைப் பார்த்து இருக்கும். அவர் கை விழும் கோணமே வேறு.

ரிவர்ப் என்ற எதிரொலி இல்லாமல் இதை வாசித்தால் வறண்டு போகும். என் சின்ன ஆம்பில் ஸ்ப்ரிங் ரிவர்ப் என்று ஒரு குமிழ் இருக்கிறது, பாதிக்கு மேல் திருகினால் ஒவ்வொரு அடிக்குப் பின்னாலும் ஈரமாக ஒரு சத்தம் சிதறும். அதைக் கேட்டுக்கொண்டே வாசித்தால் கை தானாக நீள்கிறது.

நேற்று இரவு 150-ல் முதல் பகுதி முழுக்க நிற்காமல் வந்தது. நொடிக்குப் பத்து அடி. தட்டில் இருக்கும் வேகம் 170-க்கு மேல், அதற்கு இன்னும் தூரம் இருக்கிறது. அதே மெட்டை மேல் ஸ்தாயியில், முதல் தந்தியில் வாசிக்கும் பகுதியை இந்த வாரம்தான் தொடங்கியிருக்கிறேன். மெல்லிய தந்தியில் பிக் அடிக்கடி வழுக்குகிறது, அதனால் மறுபடியும் 60-லிருந்து, ஸஸ ரிரி கக மம.